இன்னும் ஐம்பது அடி ஓட்டுங்க!

(தலைப்பு: தள்ளாடுகிற அணியைத் தூக்கி நிறுத்துவது ஆடுகிறவர் திறமையா, பார்க்கிறவர் பொறுமையா? 'பொறுமையே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் திறமையோடு மட்டும் வந்திருக்கிற நண்பர்களே! பொறுமையோடு உட்கார்ந்திருக்கிற நாமக்கல் பெருமக்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

ஐயா, நான் தமிழ் படிச்சவ. முனைவர் பட்டம் வாங்கினது சங்க இலக்கியத்தில். என்னைக் கூப்பிட்டு கிரிக்கெட் பத்திப் பேசச் சொல்லியிருக்கீங்க. வீட்டில் சொன்னேன். என் மகன் கேட்டான், "அம்மா, உனக்கு எல்.பி.டபிள்யூ. என்றால் என்னன்னு தெரியுமா?" தெரியும்டா, நாங்க பத்திரத்தில் போடுற கையெழுத்து மாதிரி, எதுக்குன்னு புரியாது, ஆனா போட்டதும் ஆள் அவுட்டுன்னேன். (பலத்த சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசின தம்பி ஆணி அடிச்ச மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "ஒரே பந்துக்குப் பதினெட்டு ஓட்டம் கொடுத்தாங்களே நம்ம சேலம் அணி, அப்போ உங்க பொறுமை என்ன பண்ணிச்சு?" என்று. அதுக்கு நான் பதில் சொல்லாம இறங்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த அணி எப்படி நம்ம ஊருக்கு வந்துச்சுன்னு பார்க்கணும். மருமகளைப் பத்திக் குறை சொல்றதுக்கு முன்னாடி அவ எந்த நிலைமையில் வந்தாள்னு பார்க்கணுமில்லையா?

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் எட்டு அணிகளோடு ஆரம்பமானது. அப்போ சேலத்துக்கு அணியே கிடையாது. தூத்துக்குடிக்கு இருந்தது. 'தூத்தி பேட்ரியாட்ஸ்' என்று பெயர். சும்மா இல்லீங்க, முதல் வருஷமே கோப்பை! இறுதிப் போட்டியில் சேப்பாக்கம் அணியை 122 ஓட்டத்தில் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் 2017இலும் இறுதிப் போட்டிக்கு வந்து, அதே சேப்பாக்கத்திடம் தோற்றாங்க. வாஷிங்டன் சுந்தர் ஆடின அணி அது. அப்படி முத்துநகரில் செல்லமாக வளர்ந்த பொண்ணு.

அந்தப் பொண்ணைத்தான் 2021இல் ஐந்தாவது தொடரின்போது நமக்குக் கட்டிக் கொடுத்தாங்க. இனிஷியல் மாத்தி, பெயரையும் மாத்தி, 'சேலம் ஸ்பார்ட்டன்ஸ்'. கல்யாணம் எப்போ நடந்தது? கொரோனா காலத்தில்! 2020இல் தொடரே நடக்கவில்லை. 2021இல் எல்லா ஆட்டத்தையும் சென்னைச் சேப்பாக்கத்திலேயே வைத்து முடிச்சாங்க. அதாவது ஐயா, கல்யாணம் ஆகி ஒரு வருஷம் வரைக்கும் மருமகள் புகுந்த வீட்டு வாசப்படியை மிதிக்கவே இல்லை. நாம ஆரத்தித் தட்டைக் கையில் வைச்சுக்கிட்டு டி.வி. முன்னாடி நின்னோம். (சிரிப்பு, கைதட்டல்)

வீடு தயாராத்தான் இருந்தது. வாழப்பாடி பக்கத்தில் காட்டுவேப்பிலைப்பட்டி. 2020 பிப்ரவரியில் அந்த மைதானத்தைத் திறந்தப்போ ராகுல் டிராவிட் வந்திருந்தார். ஒரு பக்கம் மலை, சுத்தியும் காடு கழனி. அந்த மைதானத்துக்கு லீக் ஆட்டங்கள் வந்தது 2022இல்தான். அன்றைக்கு அங்கே போய் உட்கார்ந்தவங்க யாரு? மாவு மில்லிலிருந்து அரை நாள் லீவு போட்டவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை முடிச்சுட்டு வந்த பையன், மரவள்ளிக்காட்டுக்குத் தண்ணி திருப்பி விட்டுட்டு வந்த விவசாயி. அந்த அணியில் எத்தனை பேர் நம்ம ஊர்க்காரங்க, எத்தனை பேர் வெளியூர்க்காரங்க என்று அவங்க கணக்குப் பார்க்கலே. சட்டையில் 'சேலம்' என்று எழுதியிருந்தது. போதும்.

இங்கே ஒரு வார்த்தை, தலைப்புக்கு வெளியேதான், ஆனா சொல்லாமப் போனா எனக்கு மனசு கேக்காது. நமக்கு மருமகள் வந்தாள். பொண்ணை அனுப்பின தூத்துக்குடியை யாராவது நினைச்சோமா? கோப்பை ஜெயிச்ச அணி. ஒரு நாள் பேப்பரைப் பிரிச்சா அது வேற ஊர்ப் பெயரில் இருக்கு. அங்கேயும் ஒரு பத்து வயசுப் பையன் சட்டை வாங்கி வைச்சிருப்பான். அந்தச் சட்டையை அவன் என்ன செய்தானோ? (அமைதி)

சரி, ஸ்பார்ட்டன்ஸ் என்று ஏன் பெயர் வைச்சாங்க? 'மாங்கனி'ன்னு வைச்சிருந்தா நானே கொடி பிடிச்சிருப்பேன். கிரேக்க நாட்டுக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் என்னங்க சம்பந்தம்? யோசிச்சுப் பார்த்தேன். ஸ்பார்ட்டா வீரர்களை உலகம் எதுக்காக நினைவில் வைச்சிருக்கு? கி.மு. 480இல் தெர்மோபைலே என்ற மலைக் கணவாயில் பாரசீகப் பெரும்படையை லியோனிடாஸ் என்ற அரசனும் அவனுடைய முந்நூறு வீரர்களும் தடுத்து நின்றாங்களே, அதுக்காக. அந்தச் சண்டையில் அவங்க ஜெயிச்சாங்களா? இல்லை. தோற்றாங்க. செத்துப்போனாங்க. இருபத்தைந்து நூற்றாண்டு கழிச்சு, தோற்றவன் பெயரைத்தான் நாம சட்டையில் போட்டுக்கிறோம்.

கிரேக்கம் வரைக்கும் எதுக்குப் போகணும்? இங்கிருந்து கொல்லிமலை எத்தனை தூரம்? அந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பில் வரிசையாகப் பல விலங்குகளைத் துளைச்சவன் என்று புலவர்கள் வியந்தாங்க. திறமைன்னா அது திறமை! அந்தத் திறமைசாலி போரில் என்ன ஆனான்? மலையமான் திருமுடிக்காரியின் கையில் மாண்டான். காரி கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துட்டான். புள்ளிப் பட்டியல் போட்டா காரி மேலே, ஓரி கீழே. ஆனா செம்மேட்டில் சிலை யாருக்கு நிற்குது? ஆடி மாசம் அரசாங்கமே விழா எடுக்கிறது யாருக்கு? ஓரிக்குத்தானே! அவனுடைய வில் முறிஞ்சு போச்சு. அவனை மறக்காத ஜனங்க முறியலே. எதிரணித் தம்பி, இப்போ சொல்லுங்க, ஓரியை நிறுத்தி வைச்சிருக்கிறது அவன் திறமையா, இந்த மலை ஜனங்களுடைய பொறுமையா? (பலத்த கைதட்டல்)

நடுவர்: அம்மா, பதினெட்டு ஓட்டம்...

வர்றேன் ஐயா. விட மாட்டேன். 2023 ஜூன் 13. கோயம்புத்தூரில் ஆட்டம். சேப்பாக்கம் அணி ஆடிக்கிட்டிருக்கு. கடைசி ஓவர், கடைசிப் பந்து. பந்து போடுறவர் சேலத்தின் கேப்டன், அபிஷேக் தன்வர். என் மகனை உட்கார வைச்சு எழுதி வாங்கிட்டு வந்தேன். போட்டார், ஸ்டம்ப் பறந்தது, ஊரே குதிச்சது, நடுவர் கையை நீட்டினார், நோ பால்! ஒரு ஓட்டம். மறுபடி போட்டார்; அதுவும் நோ பால், அதில் சிக்ஸர். எட்டு. மறுபடி, நோ பால், ரெண்டு ஓட்டம். பதினொண்ணு. மறுபடி, வைடு. பன்னிரண்டு. கடைசியில் ஒழுங்கா ஒரு பந்து போட்டார், அது சிக்ஸர். பதினெட்டு! உலகம் முழுக்க அந்தப் படத்தைப் போட்டுச் சிரிச்சாங்க. ஆட்டத்தை 52 ஓட்டத்தில் தோற்றோம்.

தம்பி இதோடு நிறுத்திட்டார். அதுக்கு அப்புறம் நடந்ததை நான் சொல்றேன். அந்தக் கேப்டன் ஆட்டம் முடிஞ்சதும் ஓடி ஒளியலே. மைக் முன்னாடி வந்து நின்னு, கடைசி ஓவருக்கான பழி என்னுடையதுதான், அனுபவமுள்ள பந்துவீச்சாளர் நான், இப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். நம்ம வீட்டில் குழம்பில் உப்பு கூடிப் போச்சுன்னா கூட, உப்பு கம்பெனியைக் குறை சொல்றவங்க நாம! (சிரிப்பு) அப்படி ஒருத்தர் ஒப்புக்கொள்ளும்போது, அதைக் கேட்டுக்கிட்டு, "சரிப்பா, அடுத்த ஆட்டம் எப்போ?" என்று கேட்க ஒரு ஆள் வேணுமா வேண்டாமா? அந்த ஆள் யாரு? திறமைசாலியா? டிக்கெட் வாங்கினவன்!

இன்னொண்ணு, அந்த 2023இல்தான் இந்த லீக்கில் வீரர்களை ஏலத்தில் எடுக்கிற முறை வந்தது. ஏலம்னா தெரியுமில்லே, ராசிபுரத்தில் பட்டுக்கூடு ஏலம் பார்த்திருப்பீங்க. போன வருஷம் நம்ம பக்கம் நின்னவர் இந்த வருஷம் எதிர்ப்பக்கம். நம்ம சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன், இந்தியாவே கொண்டாடின யார்க்கர் நடராஜன், அவரை 2024 ஏலத்தில் எடுத்தது எந்த ஊரு? திருப்பூர்! அந்தத் திருப்பூர் அணியும் ஊர் மாறி வந்த அணிதான், முதலில் காரைக்குடியாக இருந்தது. 2025இல் திண்டுக்கல்லை 118 ஓட்டத்தில் தோற்கடிச்சு முதல் கோப்பையை வாங்கிட்டாங்க. நமக்கு 2025 வரைக்கும் ஆடின எந்தத் தொடரிலும் கோப்பை இல்லை. வயிறு எரியுதா இல்லையா? எனக்கு எரியுது. (சிரிப்பு)

நடராஜனைத் திறமைக்கு உதாரணமாகத் தம்பி சொன்னார். மறுக்கலே. ஒரே சுற்றுப்பயணத்தில் மூணு வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு முதல் முறையா ஆடினவர்; 2020 டிசம்பரில் கான்பெராவில் தொடங்கி 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முடிச்சார். ஆனா 2015இல் ரஞ்சிப் போட்டியில் அறிமுகமானவுடனே அவர் பந்து வீசும் முறையில் சந்தேகம்னு சொல்லிட்டாங்களே, கையைத் திரும்ப முதலிலிருந்து பழக்க வேண்டி வந்ததே, அந்தக் காலத்தில் அவர்கூட நின்னவங்க யாரு? டென்னிஸ் பந்து காலத்திலிருந்து கூடவே இருந்த அண்ணன் ஜெயபிரகாஷ். அவருடைய பெயரைத்தான் நடராஜன் தன் சட்டையில் 'ஜே.பி.' என்று சுமந்தார். ரோட்டோரத்தில் கடை போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றின அம்மா. இவங்க யாரும் ஒரு யார்க்கர் போட்டதில்லை. காத்திருந்தாங்க.

காத்திருக்கிறதுன்னா என்னன்னு எங்க அம்மாயிகிட்ட கத்துக்கிட்டேன். ராசிபுரம் பக்கத்தில் அவங்க தோட்டத்தில் ஒரு செங்கோழி இருந்தது. ஒரு சமயம் அதுக்கு இறகெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிருச்சு. கழுத்தில் ஒண்ணும் இல்லை, பார்க்கவே பரிதாபம். முட்டையும் நின்னுபோச்சு. எங்க மாமன் கத்தியோடு வந்துட்டார். "ஆத்தா, முட்டை போடாத கோழிக்குத் தீனி எதுக்கு? ஞாயித்துக்கிழமை குழம்பு வைச்சிரலாம்." அம்மாயி சொன்னாங்க, "போடா, அது புது இறகு கட்டுது. தின்னுறதெல்லாம் இறகுக்குப் போகுது, முட்டைக்கு எங்கிருந்து வரும்? ரெண்டு மாசம் பொறு." பொறுத்தார். திரும்ப முட்டை போட்டது. நாமக்கல்லில் வந்து கோழியைப் பத்திப் பேசுறேனே, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பண்ணைக் கணக்கு வேறன்னு எனக்கும் தெரியும். அங்கே வாரக் கணக்கு முடிஞ்சா லாரி வந்து நிற்கும். ஏலம் நடத்துறவங்க வைச்சிருக்கிறது பண்ணைக் கணக்கு. ரசிகன் வைச்சிருக்கிறது வீட்டுக் கோழி.

வெளிநாட்டில் ஒரு வீட்டுக் கோழி கதை இருக்கு. அமெரிக்காவில் கூடைப்பந்து அணி, 'லேக்கர்ஸ்'. லேக்கர்ஸ்னா ஏரிக்காரங்க. மின்னியாபொலிஸ் ஊர் அணி அது. அந்த மாநிலம் பூரா ஏரி. 1950களில் வரிசையாகக் கோப்பை வாங்கின அணி தேய்ஞ்சுபோய், 1959-60இல் 75 ஆட்டத்தில் 25தான் ஜெயிச்சது. போதாததுக்கு 1960 ஜனவரியில் அவங்க போன விமானத்துக்குப் பனிப்புயலில் மின்சாரம் போய், ஒரு மக்காச்சோளக் காட்டில் இறங்கிட்டாங்க. ஒருத்தருக்கும் காயமில்லை. அந்த வருஷமே அணியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாத்தினாங்க. அங்கே ஏரி கிடையாது, ஆனா பெயரை மாத்தலே. பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணி இல்லேன்னாலும் நாம ஏரின்னு சொல்றோமில்லே, அது மாதிரி! (சிரிப்பு) அங்கே போய் ஏழு முறை இறுதிப் போட்டிக்கு வந்து ஏழு முறையும் தோற்றாங்க. பன்னிரண்டு வருஷம் கழிச்சு 1972இல்தான் கோப்பை. அதில் ஒரு கொடுமை கேளுங்க. அத்தனை வருஷமும் அணியைத் தோளில் சுமந்த எல்ஜின் பெய்லர் என்ற மகா வீரர், முழங்கால் முடியாம, கோப்பை வாங்கின அந்த சீசனின் தொடக்கத்திலேயே ஓய்வு பெற்றுட்டார். திறமைக்குக் கோப்பை கிடைக்கலே ஐயா. 1960இலிருந்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்குக் கிடைச்சது.

கூடைப்பந்துன்னு சொன்னதும் எனக்கு ஒரு கடன் ஞாபகம் வருது. அதை இந்த மேடையில் தீர்த்துக்கிறேன்.

ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு என்னைப் பொறுப்பாசிரியர் ஆக்கினாங்க. தமிழாசிரியைதானே சும்மா இருப்பாங்க என்ற எண்ணம். அந்த வருஷம் பார்த்து, நல்லா ஆடிக்கிட்டிருந்த அஞ்சு பொண்ணுங்களும் படிப்பு முடிச்சுப் போயிட்டாங்க. மிச்சம் இருந்ததெல்லாம் முதலாம் ஆண்டு. போன இடமெல்லாம் தோல்வி. ஒரு ஆட்டத்தில் 54க்கு 11. நிர்வாகத்தில் பேச்சு வந்தது: இந்த அணி எதுக்கு, கலைச்சிடலாம். கலைச்சா என்ன ஆகும்? விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணச் சலுகையோடு சேர்ந்த பொண்ணு ஒருத்தி இருந்தாள். சலுகை போனா படிப்பும் போகும். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அவங்க அப்பாவுக்குத் தெரியும்.

அவர் திருச்செங்கோட்டுக்காரர். போர் வண்டியில் வேலை. வருஷத்தில் எட்டு மாசம் ஆந்திரா, மத்தியப்பிரதேசம் என்று ஆழ்குழாய்க் கிணறு போடப் போயிடுவார். அந்த 54க்கு 11 ஆட்டத்துக்கு அவர் வந்திருந்தார். விதி ஒண்ணும் தெரியாது. எதிரணி கூடையில் போட்டாலும் கை தட்டினார். முடிஞ்சதும் என்கிட்ட வந்து துண்டைக் கையில் எடுத்துக்கிட்டு, "ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள பந்தைக் கையிலயே வச்சுக்க மாட்டேங்குதுங்களே. வாங்குனதும் அடுத்த புள்ளைக்குக் குடுத்துருது. வீட்டுலயும் அப்படித்தானுங்க, எதைக் குடுத்தாலும் தம்பிக்குக் குடுத்துரும்" என்றார். பாஸ் பண்றதுங்கிறதை அவர் அப்படிப் புரிஞ்சுக்கிட்டார். நான் சிரிக்கலே ஐயா. சிரிக்க முடியலே.

அணியைக் கலைக்கப் போறாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா நின்னார். அப்புறம் சொன்னார், "நாங்க போர் ஓட்டுவோமுங்க. முந்நூறு அடி போகும், புகையாத்தான் வரும். நானூறு அடி, அப்பவும் புகைதான். வண்டி நல்ல வண்டிங்க, ஆளும் நல்ல ஆளுங்க. ஆனா நிறுத்தறதா ஓட்டறதான்னு நாங்க சொல்ல முடியாதுங்க. தோட்டத்துக்காரருதான் சொல்லணும், 'இன்னும் ஒரு அம்பது அடி ஓட்டுங்க'ன்னு. நீங்க சொல்லுங்க டீச்சரம்மா."

எதிரணியில் ஒருத்தர் தலையாட்டுறார். ஆயிரம் அடி ஓட்டியும் தண்ணி வராம, நகையை அடகு வைச்சு நொடிஞ்ச தோட்டத்துக்காரர் இல்லையா என்று கேட்கிறார். இருக்காங்க. எங்க மாமன் தோட்டத்திலேயே ரெண்டு வெத்துப் போர் இருக்கு. பொறுமை எப்பவும் ஜெயிக்கும்னு நான் சொல்ல வரலே. அப்படிச் சொன்னா பொய். வண்டி எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும், ஓட்டுன்னு சொல்ல ஒருத்தர் தோட்டத்தில் நிற்கலேன்னா அது கிளம்பிப் போயிடும். அவ்வளவுதான் என் வாதம்.

நான் போய் நிர்வாகத்திடம் கேட்டேன். கெஞ்சினேன்னே வைச்சுக்குங்க. ஒரு வருஷம் கொடுத்தாங்க. அடுத்த வருஷம் அதே கல்லூரியோடு ஆட்டம். அந்த அப்பா தனியா வரலே. ஊரில் இருந்த போர் வண்டி ஆளுங்க ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தார். எல்லார் சட்டையிலும் கிரீஸ். இந்த முறை நம்ம பக்கம் போட்டா மட்டும்தான் தட்டணும்னு சொல்லிக் கொடுத்திருந்தார் போல, ஒருத்தர் தப்பா தட்டினா பக்கத்து ஆள் கையைப் பிடிச்சார். கடைசி வரைக்கும் நல்லாத்தான் போச்சு. ஆனா தோற்றுட்டோம். ஆறு புள்ளியில்.

பொண்ணு அழுதுகிட்டே வந்தாள். அவர் அவள் தலையில் கை வைச்சு, என்னைப் பார்த்துச் சிரிச்சார். "டீச்சரம்மா, போன வருஷம் நாப்பத்தி மூணுங்க. இந்த வருஷம் ஆறு. ஈரம் வந்துருச்சுங்க!"

(நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க ஐயா.